பதினாலாம் பக்கம்

– ஞாயிற்றுக்கிழமை வாறன் எண்டுதானே போனிலை சொன்னனி.

– ஓம் மக்டலீன் அக்கா. இண்டைக்கு வகுப்பு இல்லை. அதுதான் வெளிக்கிட்டு வந்திட்டன்.

– மானிப்பாயிலையிருந்து குருநகருக்கு, இந்த வெய்யிலுக்கை. நெஞ்சுக்குள்ளை கம்பி வைச்ச மனுசன் செய்யிற வேலையோ பிரகாஸ்?

– பஸ்ஸிலைதானேயக்கா வந்தனான். டொக்டர் நடக்கச் சொன்னவர்.

– நடக்கத்தான் சொன்னவர். பொதி காவச் சொல்லேல்லை. உதென்ன தோளிலை?

– லப்டொப். உங்கடை தம்பி லெனாட்டின்ரை வள்ளக் கேம் இதுக்குள்ளைதான் கிடக்கு.

– ...

– என்னக்கா?

– ஒண்டுமில்லை. இரு. அந்தக் கதிரையிலை இருக்காதை, கால் ஆடும். இதிலை இரு. குளிசை போட்டனியோ?

– போட்டனான்.

– காலமையான் குளிசையைக் கேக்கேல்லை. மத்தியானத்தான்?

– அதும் போட்டாச்சு... சந்தியோகு அண்ணை எங்கை?

– என்ரை மனுசனோ... வள்ளத்து எஞ்சின் அலுவலாப் போனவர்.

– எப்ப வருவார்?

– பின்னேரமாகும். ஏன்?

– சும்மா கேட்டன். கன நாளாக் காணேல்லை. வரும்வரைக்கும் இருந்து பாத்திட்டுப் போறன்.

– இரு. ஆர் உன்னைக் கலைக்கிறது. கொஞ்சம் தள்ளு, அந்த யன்னலைச் சாத்திவிடுறன்.

– ஏனக்கா, வெக்கை அவியுது. கோயில் பக்கத்தாலைதானே காத்தே வருது.

– உப்புக் காத்தடா. உன்ரை பெட்டிக்குக் கூடாது. ஃபான் போடுறன்.

– சரி... குரல் ஏன் அடைச்சுக் கிடக்கு?

– கோயில் பெருநாளுக்குப் பாட்டுப் பழகுறம். கத்திக் கத்திப் போச்சு. பைக்குள்ளை இன்னொண்டு கிடக்கு, உதென்ன பலகை?

– கீபோட். லெனாட்டுக்கு.

– அதிலை ஒண்டு இருக்குத்தானே.

– லப்டொப் கீபோட்டிலை இரண்டு பேர் ஒரேநேரம் அமத்தினால் ஒராளின்ரைதான் எடுக்குது. மற்றாளின்ரை வள்ளம் அப்பிடியே நிக்கும். பிறகு அவன் என்னைக் கள்ளன் எண்டுவான். அதுதான் அவனுக்கெண்டு புறிம்பா ஒண்டு.

– வாங்கியும் போட்டியோ... எப்ப?

– போன கிழமை.

– ம்... போன கிழமை.

– பழைய பிளொப்பி வட்டைத் தந்துவிட்டனீங்களெல்லே, அரிசி ரின்னோடை. அதைப் போட்டுப் பாக்க ஒரு ரைவ் தேடி நான் திரியாத இடமில்லை. இப்ப ஒரு கம்பியூட்டரிலையும் பிளொப்பி போடுற வாய் இல்லை. மானிப்பாயிலை இல்லை. அச்சுவேலியிலை ஒருத்தர் வைச்சிருக்கிறார் எண்டு போனால், மனுசன் போன வருசம்தான் பழைய இரும்போடை போட்டவராம். கடைசியா நெல்லியடியிலை ஒரு பழைய அச்சகத்திலை கிடந்து எடுத்தது.

– வட்டு பழுதாப் போகேல்லையோ?

– ஓரத்திலை பூஞ்சணம். ஆனா உள்ளுக்கு இருந்தது முழுக்க வந்திட்டுது. அரிசிக்குள்ளை வைச்சதாலை தப்பிச்சுது. ஆர் அப்பிடி வைச்சது?

– வேறை ஆர்? நான்தான். அவன் பிரான்சுக்குப் போகேக்கை என்ரை கையிலை தந்திட்டுப் போனவன். ஒவ்வொரு பெருநாளுக்கும் அரிசியை மாத்துவன்.

– சந்தியோகு அண்ணைக்குத் தெரியுமோ?

– அவர் அதைத் தெரியாமல் ஒருநாள் உலையிலை போட்டிட்டார். வட்டை இல்லை, அரிசியை. நல்லாத்தான் இருந்தது எண்டார்.

– ஹ்ம்... கேட்டிருந்தால் லெனாட் சிரிச்சுச் செத்... சிரிசிரி எண்டு சிரிச்சிருப்பான்.

– ஓம். சிரிச்சிருப்பான். சரி, கெதியாக் காட்டு.

– முதல் ஓடாத விதத்தைக் காட்டுறன். அப்பதான் நான் பட்ட பாடு விளங்கும். இஞ்சை பாருங்கோ, இதைச் சும்மா அமத்தினால்...

– என்னவோ இங்கிலீசிலை எழுதி வருது.

– 'இந்தக் கம்பியூட்டரிலை இது ஓடாது, செய்த ஆக்களைக் கேள்' எண்டு சொல்லுது. அந்த ஆக்கள் இப்ப எங்கை இருக்கினமோ.

– அப்ப கேம் பழுதோ?

– கேம் பழுதில்லை. அது பழைய கம்பியூட்டருக்கெண்டு செய்தது. கோயில் வாசிகசாலையிலை கிடந்ததெல்லே, பாதர் கொழும்பிலையிருந்து ஏத்திவந்து தந்தது...

– வெள்ளைத் துணியாலை மூடி வைச்சிருப்பியள். கோயில் சுரூபம் மாதிரி.

– அதுதான். அந்தக் காலத்துச் சாமான். புதுசுக்கு அதின்ரை பாஷை விளங்காது.

– பேந்து என்ன செய்தனி?

– டொஸ்பொக்ஸ் எண்டு ஒரு புறோகிராம் கிடக்கு. அது இந்தப் புதுக் கம்பியூட்டருக்குள்ளை இருந்துகொண்டு பழசு மாதிரி நடிக்கும். கேம் கேக்கிற எல்லாத்துக்கும் ஓம் எண்டும். பழைய ரைவ் இருக்கோ, ஓம். பழைய சவுண்ட் இருக்கோ, ஓம். எல்லாம் அப்பிடியே இருக்கோ, ஓம்.

– பொய் சொல்லுது.

– பொய்தான். ஒண்டும் மாறேல்லை எண்டு சொல்லிக்கொண்டே நிக்கோணும். நிப்பாட்டினால் கேம் விழுந்திடும்.

– ...பாவம்.

– ஆர்?

– அந்தக் கேம்தான். போடு, பாப்பம்.

– இந்தா... வந்திட்டுது.

– இதென்னடா, கடல் கொதிக்குது.

– பொறுங்கோ. உதுதான் அடுத்த வில்லங்கம். பழைய கம்பியூட்டர் ஆறுதலா, மெள்ள மெள்ள வேலைசெய்யிற சாமான். அந்த ஆறுதலுக்குக் கணக்குப் பாத்துச் செய்த கேமைப் புதிசிலை போட்டால் தலைதெறிக்க ஓடும். வேகத்தைக் குறைக்கோணும்... இப்ப?

– இன்னும் கெதி.

– இப்ப?

– சோளகக் காத்துக்குக் கூட அலை இப்பிடி அடிக்காது. குறை.

– நீங்கள் எப்ப பாத்தனீங்கள், இவ்வளவு திறமாச் சொல்ல?

– வாசிகசாலை யன்னலாலை. அவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வருவன். உந்தக் கீக் கீக் சத்தம் ரோட்டுவரைக்கும் கேக்கும். கூப்பிடாமல் நிண்டு பாத்துக்கொண்டு நிப்பன். இரண்டு பேரும் தோளாலை இடிச்சு இடிச்சு விளையாடுவியள். நான் வந்ததும் தெரியாது, கறி ஆறினதும் தெரியாது... இன்னும் கொஞ்சம். ஆ, நில்.

– உதுவோ?

– உதுதான். உந்த அலைதான்... உன்ரை போன் அடிக்குது.

– அடிக்கட்டும்.

– ஆரெண்டு பாரன்.

– பள்ளிக்கூடத்தாலையா இருக்கும். நிப்பாட்டிவிடுறன்.

– ம். என்ரையும் சார்ஜ் இல்லாமல் கிடக்கு. காலமையிலையிருந்து நிப்பாட்டித்தான் வைச்சிருக்கிறன்.

– அப்பிடியே... நல்லது.

– என்ன நல்லது?

– இல்லை, கரைச்சல் இல்லை எண்டன். அட, கேள்வி வந்திட்டுது. பாத்தியளோ?

– என்ன கேக்குது?

– பக்கம் இருபத்தேழு, மேலையிருந்து ஐஞ்சாம் வரி, முதல் சொல். அதைச் சரியா அடிச்சால்தான் உள்ளை விடும். கடையிலை வாங்கின ஆக்களுக்குக் கேமோடை ஒரு புத்தகமும் குடுத்தவங்கள். புத்தகம் வைச்சிருந்தால் நீ உண்மையா வாங்கினனி. இல்லாட்டில் கள்ளன்.

– நீங்கள் கள்ளர்.

– முழுக் கள்ளர். எங்களுக்கு வந்தது கொழும்பிலை ஆரோ கொப்பி பண்ணின ஒரு பிளொப்பி. புத்தகத்தை ஒருத்தரும் கண்ணாலை காணேல்லை.

– அதுக்குத்தானே உவன் இங்கிலீஸ் அகராதியைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சவன்.

– உங்களுக்கும் தெரியுமோ?

– தெரியாமல்? அம்மா நினைச்சவ பெடியன் சோதினைக்குப் படிக்கிறான் எண்டு. அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் கொளுத்தினவ.

– அந்தோனியார் கேட்டவர்தான். வேறை சோதினை. ஒரேயொரு கேள்வியை அவன் பிடிச்சவன். பதினாலாம் பக்கம். வேறை பக்கம் கேட்டால் மூடிப்போட்டுத் திருப்பிப் போடுறது. பதினாலு வந்தால் அகராதியிலையிருந்து மூண்டு சொல்லு அடிக்கலாம். மூண்டும் பிழையெண்டால் வெளியிலை தள்ளும். பிறகும் போடுறது. ஏ எழுத்திலையிருந்து துவங்கினவன்.

– விசரன்.

– நாங்களும் அப்பிடித்தான் சொன்னனாங்கள். எங்களுக்கு அலுத்துப்போய்ப் பந்தடிக்கப் போட்டம். ஒரு நாள் உள்ளுக்கையிருந்து ஒரு கத்தல். ஓடிப்போய்ப் பாத்தால் இரண்டு வள்ளம் தண்ணியிலை நிக்குது.

– என்ன சொல்லெண்டு நீங்கள் கேக்கேல்லையோ?

– கேட்டம், கெஞ்சினம், காலைப் பிடிச்சம். சொல்லமாட்டான். போட்டிருக்கிற சேட்டைக் கழட்டிக் கீபோட்டை மூடிப்போட்டு, அதுக்குள்ளை கையை விட்டு அடிப்பான். 'சொல்லிப்போட்டால் நீங்கள் எனக்காகக் காத்துக்கொண்டு நிக்கமாட்டியள்' எண்டவன். உண்மைதானே. எத்தினை பின்னேரம் அவன் வரும்வரைக்கும் அந்தப் படியிலை குந்திக்கொண்டு இருந்திருப்பம். பிறகு பிரான்சுக்குப் போனான். அதோடை கேம் செத்துது.

– உந்தச் சொல்லை விடு.

– என்ன சொல்லை?

– செத்தது கித்தது எண்டு.

– சரி... நிண்டுது. அதோடை நிண்டுது.

– இப்ப பதினாலாம் பக்கம் வந்தால் என்ன செய்வாய்?

– சொல்லு தெரியாதே. அவனுக்குப் போன் எடுத்துத்தான் கேக்கோணும்...

– அங்கை இப்ப வேலைக்குப் போற நேரம்.

– ஓமோம். வேலைக்குப் போற நேரம். கரைச்சல் குடுக்கக்கூடாது.

– அவன்ரை மனுசி தர்ஷிகாவும் பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்திற அவசரத்திலை நிப்பாள்.

– ஓம். பிறகு பாப்பம்.

– ...எனக்குத் தெரியும்.

– என்ன... என்னக்கா தெரியும்?

– அந்தச் சொல்லு.

– பகிடி விடாதேங்கோ.

– என்ன பகிடி. போற அண்டைக்குப் பஸ் ஏற முந்திக் காதுக்குள்ளை சொன்னவன். எழுத்தெழுத்தாச் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லவும் வைச்சவன்.

– இவ்வளவு வருசமா நீங்கள் மூச்சு விடேல்லை. இந்த வீட்டிலை நான் எத்தினை தரம் சோறு திண்டிருப்பன்.

– கோயிலிலை யாகப்பர் மேலை சத்தியம் வாங்கினவன். 'நான் திரும்பி வந்து நான்தான் அடிப்பன். நான் வரமாட்டன் எண்டு தெரிஞ்சால் மட்டும் பிரகாசுக்குச் சொல்லு' எண்டு.

– அப்ப சொல்லாதேங்கோ.

– நான் சொல்லேல்லைத்தானே.

– சொல்லாதேங்கோ அக்கா. அவன் வந்து அடிக்கட்டும்.

– ஓம். பெருநாளுக்கு வாறன் எண்டு ரிக்கற்றும் போட்டு... போட்டவனெல்லே. வந்து அடிக்கட்டும்.

– பதினாலாம் பக்கம் வருதோ எண்டு மட்டும் பாப்பம். சில நேரம் வட்டிலை அந்தத் துண்டு மட்டும் பழுதாகியிருக்கும்.

– பார். வந்தால் உடனை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னவனெல்லே உனக்கு. என்னட்டையும் சொன்னவன்.

– ம்... ஓம். சொன்னவன்.

– நீ போட்டுக்கொண்டிரு. நான் தேத்தண்ணி வைக்கிறன். சீனி?

– போடாதேங்கோ... முப்பத்தொண்டு. திருப்பி. ...ஆறு.

– குசினிக்குள்ளை கேக்குது, ஜெபமாலை சொல்லுற மாதிரி.

– இதுக்கு முடிவு இல்லையக்கா. ஜெபமாலை எண்டாலும் ஒரு நேரம் முடியும். ...பத்தொன்பது. அண்ணையின்ரை எஞ்சின் என்ன பழுது?

– என்ன எஞ்சின்? ...ஓ. அது, தண்ணி பூந்திட்டுது. இந்தா, தேத்தண்ணி. கவனம்.

– நாப்பத்திரண்டு... இருபத்து...

– பிரகாஸ்.

– ம்?

– இப்ப வந்தது பதினாலெல்லே.

– இல்லையக்கா. நாப்பத்தொண்டு.

– கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நிக்கிறன்.

– நாப்பத்தொண்டுதான். கெதியா மூடினதாலை உங்களுக்கு மாறித் தெரிஞ்சிருக்கும்.

– அப்பிடியோ.

– ஓம்... அண்ணையை இன்னும் காணேல்லை.

– வருவார். உனக்கேன் இப்பிடி வேர்க்குது? நெஞ்சு ஏதும் செய்யுதோ?

– யன்னலையும் சாத்தி வைச்சுக்கொண்டு ஏன் வேர்க்குது எண்டால்?

– உண்மையைச் சொல்லு. நோகுதோ?

– நோகேல்லை.

– அதிர்ச்சி ஒண்டும் படக்கூடாது எண்டெல்லே டொக்டர் சொன்னவர்?

– எல்லா டொக்டரும் சொல்லுறதுதான். ஏன் திருப்பித் திருப்பிக் கேக்கிறியள்?

– கேக்கக்கூடாதோ. எனக்கு நீயும் ஒரு தம்பிதானே.

– ...

– என்ன?

– தேத்தண்ணி... சுட்டிட்டுது.

– நீ அதை இன்னும் தொடேல்லை.

– ...எட்டு. திருப்பி. முப்பத்தாறு. திருப்பி. இருபத்தைஞ்சு. திருப்பி. ...

– இப்பவும் மூடினனி.

– என்னத்தை?

– பதினாலாம் பக்கம். ஒண்டும் நாலும். இது இரண்டாந்தரம்.

– கை பட்டிட்டுது.

– முதல்தரமும் கையோ? அவன் ஃபோட்டோ கேட்டவன். நீ எடுக்கேல்லை. போனைத் தொடவுமில்லை.

– அக்கா, அண்ணை வரட்டுமே. அவருக்கும் சேத்துக் காட்டலாம்.

– அவர் கேம் பாக்கிற ஆளோ?

– இல்லை... இருந்தாலும் அவரும் இருந்தால்...

– ...சரி. விளங்குது. திருப்பிப் போடு. இந்தமுறை வந்தால் மூடாதை.

– இப்ப என்ன அவசரம்? பெருநாளுக்கு இன்னும் நாள் கிடக்கு.

– போடு எண்டுறன்.

– ...பதினெட்டு.

– திருப்பி.

– முப்பத்தைஞ்சு.

– திருப்பி.

– பன்ரண்டு. அக்கா, நாளைக்குப் பாப்பமே?

– திருப்பிப் போடு ராசா.

– ...

– கையை எடு.

– பதினாலு.

– ஓம். கையை எடு, அப்பிடியே நிக்கட்டும். அந்தப் புதுப் பலகையை எடுத்துக் கொழுவு.

– எது, இதுவோ? இது லெனாட்டுக்கு...

– அவன்ரைதான். கொழுவு.

– ...கொழுவியாச்சு.

– எல்.

– என்னக்கா?

– எல் எண்டு அடி.

– அக்கா, வேண்டாம். சத்தியம் பண்ணிக் குடுத்தனீங்கள்.

– சத்தியத்தைத்தான் காப்பாத்துறன். எல். பிறகு ஏ.

– அவன் வந்து அடிக்கட்டுமக்கா.

– என். அடிச்சிட்டியோ? கண்ணைத் துடைச்சுப்போட்டு அடி. எழுத்துப் பிழைச்சால் தள்ளிப்போடும். ரீ. ஈ. ஆர். இன்னொரு என்.

– லாந்தர்...

– ஓம், லாந்தர்தான். கறண்ட் இல்லாத வருசம் முழுக்க உந்தச் சுவரிலை தொங்கினது. அதுக்கு உவன் அகராதி முழுக்கத் தேடித் திரிஞ்சான். கடைசியா ஒண்டு தட்டவேணுமெல்லே, தட்டு.

– ...திறந்திட்டுதக்கா.

– ம்.

– இரண்டு வள்ளமும் நிக்குது. வலப்பக்கத்தது என்ரை. இடப்பக்கத்தது அவன்ரை.

– அவன்ரை ஏன் ஆடுது?

– அலைக்கு ஆடுது. ஆரும் அமத்தினால்தான் வெளிக்கிடும். அதுவரைக்கும் உப்பிடியே நிக்கும்... அக்கா, நான் ஒண்டு சொல்லோணும். பிரான்சிலையிருந்து எனக்குப் போன் வந்தது. அண்ணை வந்தாப்பிறகு சொல்லுவம் எண்டுதான் காலமையிலையிருந்து...

– நீ பதினாலை இரண்டாந்தரம் மூடேக்கையே உனக்கும் தெரியுமெண்டு விளங்கீட்டுதடா. எனக்கு விடியவே தர்ஷிகா போன் எடுத்துச் சொன்னவள். எழும்பி அந்த யன்னலைத் திற. அண்ணை எஞ்சினுக்குப் போகேல்லை, எங்கடை லெனாட்டுக்குத் துக்க மணி அடிக்கச் சொல்லத்தான் கோயிலுக்குப் போனவர். உன்ரை நெஞ்சு தாங்காது, நீ அதை மணியிலை கேட்டு அறியக்கூடாது எண்டுதான் சாத்தி வைச்சனான்... இப்ப திறந்துவிடு. இரண்டு பேருமாக் கேப்பம்.